வண்டிக்குப் பெட்ரோல் சரி, ஓட்டுகிறவருக்கு?

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. அவருடைய கணவருக்குச் சென்னையில் உத்தியோகம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, மாலை நாலு மணி சுமாருக்கு ஊர் வந்து சேருகிறார். 270 கிலோமீட்டர் தூரம்.

"மாசி பங்குனி வரையில் சிரித்த முகமாகத்தான் வந்துகொண்டிருந்தார். சித்திரை பிறந்ததிலிருந்து வாசலில் வண்டியை நிறுத்தும்போதே முகம் கடுகடுவென்று இருக்கிறது. குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டினால் எரிந்து விழுகிறார். தலைவலி என்று படுத்துவிடுகிறார். 'என்னங்க, என்மேல் ஏதாவது வருத்தமா?' என்று கேட்டேன். அதற்கும் கோபம். இது என்ன கோபம் என்றே எனக்குப் புரியவில்லை" என்று எழுதுகிறார் அந்த அம்மாள்.

சகோதரி, அடுத்த தடவை நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. "வழியில் என்ன குடித்தீங்க?" என்று கேளுங்கள். "மேல்மருவத்தூரில் ஒரு டீ, உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு டீ" என்று பதில் வருமானால், அது உங்கள்மேல் உள்ள கோபமாக இருப்பதற்கு அதிக இடமில்லை. தேகத்தில் தண்ணீர் குறைந்துபோன மனிதருக்குத் தலை வலிக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், கவனம் சிதறும். ஐப்பசி, கார்த்திகையிலும் தலைவலி வந்தால் டாக்டரிடம் காட்டவேண்டியதுதான். ஆனால் சித்திரை வெயிலில், ஜி. எஸ். டி. ரோட்டில், ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு முதலில் காட்டவேண்டியது ஒரு சொம்புத் தண்ணீர்.

"அவர் வியர்த்துக்கூட வருவதில்லையே! சட்டை உலர்ந்துதானே இருக்கிறது!" என்று நீங்கள் சொல்லலாம். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

வயலில் களை எடுக்கிறவருக்கு வியர்வை நெற்றியில் வழிகிறது. முதுகில் சட்டை ஒட்டுகிறது. "அப்பாடா!" என்று நிமிர்ந்து செம்பைத் தேடுகிறார். மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அந்த அறிவிப்பே கிடையாது. வியர்வை தோலுக்கு வந்தவுடன் காற்று அதை வாரிக்கொண்டு போய்விடுகிறது. அவருக்குச் சொட்டுக்கூடத் தெரிவதில்லை. உண்மையில் நின்றுகொண்டிருப்பவருக்குச் சமமாகவோ, அதைவிட அதிகமாகவோ அவர் தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறார். வண்டியை நிறுத்திய இரண்டு நிமிஷத்தில் குப்பென்று வியர்க்கிறதே, அது புதிதாக வந்த வியர்வை அல்ல. அதுவரை காற்று ஒளித்து வைத்திருந்த சங்கதி.

இன்னொரு விஷயம். காற்று அடித்தால் குளிர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். நம்முடைய தோலின் உஷ்ணம் சுமார் 35 டிகிரி சென்டிகிரேட். காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரையில்தான் அது நம்மைக் குளிர்விக்கும். வெளியே 40 டிகிரி காய்கிறபோது கதை தலைகீழ். அடுப்படியில் விசிறி போட்ட மாதிரி, காற்று சூட்டைக் கொண்டுவந்து நம்மேல் கொட்டுகிறது. அப்போது நம்மைக் காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! இத்தனை சூட்டையும் இறக்குகிற வேலை நடக்கிறது. அதற்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்துதான். திரும்ப ஊற்றாவிட்டால் ரத்தத்தின் அளவு குறைகிறது. இருதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. மூளைக்குக் களைப்பு வருகிறது.

வண்டிக்கு எண்ணெய் குறைந்தால் அதை உடனே கவனிக்கிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டி, குச்சியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஓட்டுகிறவருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அப்படி ஒரு குச்சி இல்லையே என்று தோன்றும். உண்டு. சிறுநீரின் நிறம்தான் அது. எலுமிச்சம் பழச் சாற்றை நிறையத் தண்ணீரில் கலந்த மாதிரி இளமஞ்சளாக இருந்தால் கவலை இல்லை. அடர்ந்த மஞ்சளாகி, டீ வடிநீர் மாதிரி ஆகிவிட்டால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் புறப்பட்டது முதல் மத்தியானம் வரை அந்தப் பக்கம் போகவேண்டிய அவசியமே ஏற்படவில்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது பெருமைப்படுகிற விஷயம் அல்ல.

தாகத்தை நம்பலாமா? நம்பலாம், ஆனால் அது கொஞ்சம் தாமதமாக வருகிற வேலைக்காரன். நன்றாகத் தாகம் எடுக்கும்போது தேகத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு தண்ணீர் போயிருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு பங்கு என்றால் 1.2 லிட்டர். மணிக்கு முக்கால் லிட்டர் வியர்க்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தாம்பரத்தில் புறப்பட்டவர் திண்டிவனம் எட்டும்போது அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். அப்புறம் இருக்கிறது பாருங்கள், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, தொழுதூர் என்று, நிழல் சுருங்கிப்போன நேரான ரோடு. அங்கேதான் கண் சொருகுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இங்கிலாந்தில் லஃப்பரோ சர்வகலாசாலையில் 2015-ல் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். சில வாலிபர்களைப் பொம்மைக் காரில், அதாவது திரையில் ரோடு ஓடுகிற யந்திரத்தில், இரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னார்கள். ஒரு நாள் அவர்களுக்கு மணிக்கு 200 மில்லி லிட்டர் தண்ணீர். இன்னொரு நாள் 25 மில்லி லிட்டர்தான், இரண்டு வாய்கூட இல்லை. தண்ணீர் கிடைத்த நாளில் சராசரியாக ஒருவர் செய்த தவறுகள் 47. கிடைக்காத நாளில் 101. கோட்டைத் தாண்டுவது, பிரேக்கைத் தாமதமாக அழுத்துவது போன்ற தவறுகள். பரீட்சைக்கு வந்தவர்கள் ஒரு டஜனுக்குமேல் இல்லை என்பதையும், அது குளிர்ச்சியான அறையில், நாற்காலியில் உட்கார்ந்து நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்தில் கோட்டைத் தாண்டினால் ஒரு வேளை தப்பலாம். இரண்டு சக்கரத்தில், பின்னால் சரக்கு லாரி வந்துகொண்டிருக்கும்போது?

சரி, எவ்வளவு குடிப்பது? வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அமெரிக்காவில் தொழிலாளர் சுகாதார நிபுணர்கள் சொல்லும் கணக்கு, கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி லிட்டர். வண்டி ஓட்டிக்கொண்டே டம்ளர் பிடிக்க முடியாது. முதுகில் தண்ணீர்ப் பை மாட்டி, அதிலிருந்து வரும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிற ஏற்பாடு இப்போது கடைகளில் கிடைக்கிறது. கைவசம் அது இருந்தால் ரொம்ப நல்லது. இல்லாதவர்கள் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை, தாகம் இருக்கிறதோ இல்லையோ, நிறுத்தி இரண்டு மூன்று டம்ளர் நிதானமாகக் குடிக்கவேண்டும். புறப்படுவதற்கு இரண்டு மணி முன்னாலேயே அரை லிட்டர் உள்ளே போயிருக்கவேண்டும். பொதுவாக நம்மவர்கள் செய்வது நேர்மாறு. வழியெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு குடத்தைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள்.

அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. போன உப்பை வைக்காமல் வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய், தலை சுற்றல், வாந்தி, மயக்கம் என்று வேறு ஒரு நோய் வந்து சேரும். அந்த நிபுணர்களே மணிக்குச் சுமார் 1.4 லிட்டரைத் தாண்டவேண்டாம் என்கிறார்கள். இருதய வியாதி, சிறுநீரக வியாதி உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் என் கணக்கைக் கேட்கவேண்டாம். அவர்களுடைய டாக்டரின் கணக்கைக் கேட்கட்டும்.

என்ன குடிப்பது என்ற கேள்விக்கு வருவோம். இந்த விஷயத்தில் நம்முடைய ரோடு குபேரன் ரோடு. செங்கல்பட்டைத் தாண்டினால் இளநீர். திண்டிவனத்தை நெருங்க நெருங்க, இரு பக்கமும் மலைபோல் தர்ப்பூசணி. பனைமரம் கண்ணில் படுகிற இடமெல்லாம் நுங்கு. இவை எல்லாம் நல்லவையே. இளநீரில் மட்டும் ஒரு சமாசாரம்: அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, வியர்வையில் அதிகமாகப் போகும் உப்பாகிய சோடியம் குறைவு. ஆகையால் இளநீரோடு கூட உப்புப் போட்ட பதார்த்தம் ஏதாவது கொஞ்சம் சாப்பிடுவது உசிதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பொட்டாசியத்துக்காகவே இளநீரை டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்கவேண்டும்.

என் ஓட்டு நீர்மோருக்குத்தான். தண்ணீர், உப்பு, கொஞ்சம் புளிப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. வியர்வையில் போனதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்த மாதிரி இருக்கிறது. பாட்டிமார்கள் சர்வகலாசாலைக்குப் போகாமல் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்! பானகத்திலும் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துவிட்டால் அதுவும் முதல் தரம். எலுமிச்சை ஜூஸ் கேட்கும்போது "உப்பா, சர்க்கரையா?" என்று கடைக்காரர் கேட்பார். "இரண்டும்" என்று சொல்லுங்கள்.

இரண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. குடலில் உப்பும் சர்க்கரையும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் வேகமாகப் போகிறது. 1971-ல் வங்காளதேச யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்தில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றுகிற உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, பீப்பாய்களில் வைத்து, ஜனங்களையே எடுத்துக் குடிக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-ல் காலமான அவருக்கு, மறு வருஷம் பத்ம விபூஷண் விருது வந்தது. அந்தக் கலவைதான் இன்று மருந்துக் கடையில் ஓ. ஆர். எஸ். என்று கிடைக்கும் பொட்டலம். நீண்ட தூரம் போகிறவர் சட்டைப் பையில் இரண்டு பொட்டலம் இருக்கட்டும். வாங்கும்போது உறையைப் படித்து வாங்குங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறைப்படி தயாரித்தது என்று போட்டிருக்கவேண்டும். அந்த எழுத்துக்களைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வெறும் சர்க்கரைப் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் வந்துகொண்டிருந்தன. 2025 அக்டோபரில்தான் அவை அந்தப் பெயரை உபயோகிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் தடுத்தார்கள். பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதிகமாகப் போகக்கூடாது; சரியாகக் கலந்தால் கண்ணீர் அளவுக்குமேல் கரிக்காது.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. டீ, காப்பி குடித்தால் குடித்ததைவிட அதிகமாக வெளியே போய்விடும் என்று சொல்வது மிகை. பழக்கப்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு கப் டீயும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஆனால் நம் ஊர் டீக்கடை கிளாஸில் எவ்வளவு பிடிக்கும்? நூறு மில்லி இருந்தால் அதிகம். இரண்டு டீயை நம்பி 270 கிலோமீட்டர் வருவது, இரண்டு அவுன்ஸ் பெட்ரோலை நம்பி வருவது போலத்தான். கலர், சோடா வகைகளில் சர்க்கரை அதிகம். தாகம் தீர்ந்தமாதிரி இருந்து மறுபடியும் வரும். மதுவைப் பற்றி இந்தப் பத்தியில் பேசவேண்டிய அவசியமே இல்லை.

தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கும் அந்தக் காலத்து வித்தை ஒன்று இருக்கிறது. கார்களுக்கும் லாரிகளுக்கும் முன்னால் கான்வாஸ் துணிப் பையில் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். துணி கசிந்து, காற்றில் உலர்ந்து, உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை வண்டிப் பெட்டியில் வைத்தால் ஒரு மணியில் வெந்நீர். அதே பாட்டிலுக்கு நனைத்த பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் காற்றுப் படும்படி கட்டிப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கும் இதே வைத்தியம் பலிக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே போட்டிருக்கும் பருத்திப் பனியனையும் கழுத்துத் துண்டையும் நனைத்துக்கொள்ளலாம். மேலே முழுக்கைச் சட்டையோ ஜாக்கெட்டோ அவசியம். கையை வெயிலுக்குத் திறந்துபோட்டால் காற்றோட்டம் என்று நினைப்பது 35 டிகிரிக்குக் கீழேதான் சரி. ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க்கின்மேல் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது, அது டாங்க்கைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது அல்ல. தலை வேகிறதா? நிறுத்தி, கழற்றி, தலையில் தண்ணீர் விட்டுத் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சகோதரியின் கடிதத்தில் கடைசி இரண்டு வரி. "கோடை விடுமுறையில் நானும் அவரோடு சென்னைக்குப் பின்னால் உட்கார்ந்து போவேன். நான் வழியில் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்."

தெரியும், அம்மா. இதைப் படிக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆண்கள் மரத்தடியைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். பெண்கள் புறப்படுவதற்கு முந்தின இரவிலிருந்தே விரதம் இருக்கிறார்கள். இதன் பலன் தலைவலியோடு நிற்பதில்லை. நீர்க்கடுப்பும், சிறுநீர்ப் பாதையில் அழற்சியும் வருகின்றன. பின்னால் உட்கார்ந்து கண் செருகினால், பிடி தளர்ந்தால், அது இன்னும் பெரிய விபரீதம். வழிப்போக்கர் தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதி அடிகளைப் பெரிய புராணம் கொண்டாடுகிறது. ராணி மங்கம்மாள் ரோடும் சத்திரமும் போட்டதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். குடிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். குடித்த பிறகு பெண்கள் எங்கே போவார்கள் என்று யோசித்தவர்கள்தான் குறைவு.

இருக்கிறதைக் கொண்டு செய்யக்கூடியது இது. டோல் கேட்டுகளில் கழிப்பறைகள் உண்டு. இரண்டு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பதற்காக அங்கே நிறுத்தக் கூடாது என்று இல்லை. பெட்ரோல் போட வருகிறவர்களுக்குக் காற்றும், குடிதண்ணீரும், கழிப்பறையும் இலவசமாகத் தரவேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகள் பங்குக்காரர்களுக்கு விதி வைத்திருக்கின்றன. பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள். கேட்பது நீங்கள் அல்ல, உங்கள் கணவர் கேட்கட்டும். பெட்ரோலை அவர்தானே போடுகிறார்? "சாவி இல்லை" என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேட்கட்டும். அநேகமாகச் சாவி கிடைத்துவிடும். போகும்போது எந்த இடம் சுத்தமாக இருந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டால், திரும்பும்போது அந்த இடத்திலேயே நிறுத்தலாம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று மேலே சொன்னேனே, அதை இப்படி அமைத்துக்கொண்டால் இருவருக்கும் உதவும். கணவன்மார்கள் "இப்பத்தானே நிறுத்தினோம்!" என்று மட்டும் சொல்லாமல் இருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ரோட்டில் யாருக்காவது பேச்சுக் குழறினால், வழி தெரியாமல் தடுமாறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், அது சாதாரணக் களைப்பு இல்லை. உடம்பின் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் வாதம். வியர்வை நின்றுபோயிருக்கலாம், ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். அதை வைத்து ஏமாறக்கூடாது. புத்தி தடுமாறுகிறதா என்பதே அடையாளம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நிழலில் கிடத்தி, ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீரைக் கொட்டி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக் குழாயில் போய்விடும். குடத்தோடு கொட்டினாலும் உடம்பின்மேல்தான்.

மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அக்கினி நட்சத்திரத்தில், பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வண்டியை எடுக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் விடியற்காலம் நாலு மணிக்கே சென்னையில் கிளம்பினால், திண்டிவனத்துக்கு அருகில் சூரியோதயம். விழுப்புரத்தில் இட்லி. பத்து மணிக்குப் பெரம்பலூர். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதுக்கே படுத்துவிட வேண்டும். அரைத் தூக்கத்தோடு நாலு மணிக்கு வண்டியை எடுக்கக் கூடாது.